டப்லட் வளையமா, வர்ண விளக்கா? வடபாதை சிக்னல் பற்றி ஒரு விவாதம்

#1 கொக்குவில்_கடவை

வடபாதையிலை 2014 ஒக்ரோபரிலை யாழ்ப்பாணம் வரைக்கும், 2015 ஜனவரியிலை காங்கேசன்துறை வரைக்கும் கோச்சி திரும்பி ஓடத் தொடங்கினது. பாதையோடை சேர்ந்து வர்ண விளக்கு சிக்னலும் வந்தது. மலையகப் பாதையிலை இண்டைக்கும் சாரதியின்ரை கையிலை டப்லட் வளையம் (அடுத்த நிலையம் வரைக்கும் போக அனுமதியாத் தாற வில்லை இருக்கிற வளையம்) மாறுது. மூண்டு கேள்வி இருக்கு, தெரிஞ்சவை சொல்லுங்கோ.

முதலாவது, கையிலை ஒரு சாமான் இருக்கிற டப்லட் முறைதான் பாதுகாப்பு, விளக்கை நம்பேலாது எண்டு சிலர் அடிச்சுச் சொல்லினம். சரியோ? இரண்டாவது, மாரி தொடங்கினவுடனை சிக்னல் பழுது எண்டு கோச்சி நிக்கிறது ஏன்? மூண்டாவது, கடவையிலை மணி அடிச்சுக்கொண்டே இருக்கும், கோச்சியைக் காணக் கிடையாது. அது ஏன்?

#2 டப்லட்_வளையம்

முதல் கேள்விக்கு நான் வாறன். டப்லட் எண்டால் வெறும் வில்லை இல்லை. இரண்டு நிலையத்திலையும் ஆளுக்கொரு பெட்டி. இரண்டையும் கம்பி இணைக்குது. இரண்டு பெட்டிக்குள்ளையும் சேர்த்துக் கனக்க வில்லை இருக்கும், ஆனால் ஒரு நேரத்திலை ஒண்டுதான் வெளியிலை வரும். இந்தப் பக்க நிலைய அதிபர் மணிச் சங்கேதத்திலை கேக்க வேணும், அந்தப் பக்கத்தவர் தன்ரை பொத்தானை அமத்திப் பிடிச்சு மின்னோட்டம் அனுப்ப வேணும், அப்பதான் இங்கை இழுப்பறை திறக்கும். ஒண்டு வெளியிலை வந்த கையோடை இரண்டு பெட்டியும் பூட்டு. அந்த வில்லை ஏதாவது ஒரு பெட்டிக்குள்ளை திரும்பிப் போகும் வரைக்கும் அடுத்ததை ஆரும் எடுக்கேலாது.

பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளின்ரை வில்லைக்கு வெட்டு வேறை வேறை. பளை–கொடிகாமம் வில்லை எண்டு ஒண்டு இருந்தால், அது கொடிகாமம்–சாவகச்சேரிப் பெட்டிக்குள்ளை இறங்காது. வில்லையிலை இரண்டு நிலையத்தின்ரை பேரும் பொறிச்சிருக்கும். சாரதி அதை வாசிச்சுப் பாத்திட்டுத்தான் வண்டி எடுக்க வேணும்.

எட்வர்ட் டையர் இதுக்குக் காப்புரிமை எடுத்தது 1878இலை. அதுக்குக் காரணம் 1874 செப்ரெம்பர் 10 இரவு இங்கிலாந்திலை நோரிச்சுக்குப் பக்கத்திலை தோர்ப் எண்ட இடத்திலை நடந்த நேருக்கு நேர் மோதல். 25 பேர் செத்தவை. அப்ப தனிப்பாதையிலை (இரண்டு திசைக்கும் ஒரே பாதை) அனுமதி தந்தியாலை போனது. கையெழுத்து வைக்காத தந்தி ஒண்டு போயிட்டுது, பிறகு மறிக்கப் பாத்தால் வண்டி வெளிக்கிட்டிட்டுது. சொல்லை நம்பாமல் பொருளை நம்பு எண்டதுதான் டையரின்ரை யோசனை. அதாலைதான் சொல்லுறன், டப்லட்டிலை ஏமாத்த இடமில்லை.

#3 றிலே_அறை

> டப்லட்டிலை ஏமாத்த இடமில்லை

இடம் இருக்கிறது, அண்ணை. பெட்டிக்குள் இல்லை, பெட்டிக்கும் சாரதிக்கும் இடையில் இருக்கிறது.

1921 ஜனவரி 26, வேல்ஸில் ஏபர்மூல் நிலையம். தனிப்பாதை, டையர் கருவி, எல்லாம் ஒழுங்கு. ஒரு பக்கத்திலிருந்து மெதுவண்டி வந்து நிற்கிறது. சாரதி தான் கொண்டு வந்த வில்லையைக் கொடுக்கிறார். அது கை மாறிக் கை மாறிப் போய், அடுத்த பகுதிக்கான வில்லை என்ற நினைப்பில் அதே வில்லையே திரும்பவும் அவரிடம் வருகிறது. கொடுத்தவரும் பெயரை வாசிக்கவில்லை, வாங்கியவரும் வாசிக்கவில்லை. வளையத்தோடு தோற்பைக்குள் இருந்ததால் பார்க்கத் தோன்றவும் இல்லை. எதிரே கடுகதி வந்துகொண்டிருந்தது. 17 பேர் இறந்தார்கள். கருவி இரண்டும் கடைசி வரை சரியாகவே வேலை செய்தன.

விசாரணைக்குப் பின் வந்த பரிந்துரைகளில் முக்கியமானது இது: அந்தப் பகுதிக்குரிய வில்லை கருவியிலிருந்து எடுக்கப்பட்டால்தான் நிலையத்தை விட்டுப் புறப்படும் சிக்னல் இறங்க வேண்டும். வில்லை மாறிப் போனாலும் சிக்னல் ஆபத்து (நில்) நிலையிலேயே நிற்கும். இன்றைய வர்ண விளக்குப் பாதையில் அடுத்த நிலையத்தின் அனுமதி மின்சாரமாக வந்து நேரே புறப்படு சிக்னலின் சுற்றில் அமர்கிறது. டப்லட்டின் தத்துவம் போகவில்லை. இடையில் வில்லையைக் கையில் காவிய ஆள்தான் போய்விட்டார்.

#4 டப்லட்_வளையம்

ஏபர்மூலை ஒத்துக்கொள்ளுறன். ஆனால் ஒண்டு. கரண்ட் போனால் உங்கடை வர்ண விளக்கு என்ன செய்யும்? டப்லட் பெட்டிக்கு நாலைஞ்சு செல் பற்றறி காணும்.

#5 றிலே_அறை

மின்வெட்டு நடக்கும் ஊரில் நியாயமான கேள்வி. நிலையச் சிக்னல் அமைப்பு நேரடியாக மின்சாரசபை லைனில் ஓடுவதில்லை. லைன் பற்றறியை ஊட்டும், பற்றறி சிக்னலை ஊட்டும். 24 வோல்ற்றுக்கு 2 வோல்ற்று ஈயச்செல் 12, தொடராக. அதற்குப் பின்னால் ஜெனரேற்றர். பற்றறியும் இறங்கிவிட்டால் விளக்கு அணையும். அணைந்த சிக்னல் சாரதிக்குச் சிவப்பு. அது விதி.

பச்சை எரிய வேண்டிய இடத்தில் விளக்கு பழுதாகி இருளாய்ப் போனால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். சிவப்பு பழுதாகிப் போனால்? இரவில், மழையில், சாரதி அந்தக் கம்பத்தையே காணாமல் கடக்கலாம். அதனால் ஒவ்வொரு விளக்குச் சுற்றிலும் ஓட்டத்தைப் பார்க்கும் ஒரு றிலே (மின்னோட்டம் வந்தால் எழும்பி, நின்றால் விழும் மின்சாவி) தொடரில் இருக்கும். சிவப்பு விளக்கில் ஓட்டம் நின்றால் அந்த றிலே விழும். அது விழுந்தால் ஒரு சிக்னல் பின்னால் இருப்பது சிவப்பாகும். எல்.ஈ.டி. வந்தபோது இதில் ஒரு தலையிடி வந்தது. இழை விளக்கு எரிந்தால் எரியும், போனால் போகும். எல்.ஈ.டி. கொத்தில் பாதி செத்துப் பாதி எரியும், ஓட்டம் முழுதாய் விழாது. ஆகவே இத்தனைக்கு மேல் செத்தால் முழு அலகையும் துண்டி என்று அலகுக்குள்ளேயே சுற்று வைக்க வேண்டியிருக்கிறது. எல்.ஈ.டி. அலகையும் றிலேயையும் சோடி பார்க்காமல் வேறு வேறு இடத்தில் வாங்கிப் பூட்டினால் இந்தப் பாதுகாப்பே இல்லாமல் போகும்.

#6 கம்பி_இழுவை

கைகாட்டிக்கும் (லீவரிலையிருந்து கம்பியாலை இழுத்துக் கையை இறக்குற பழைய சிக்னல்) ஒரு சொல். அதின்ரை அழகே கம்பி அறுந்தால் எதிர்ப்பாரம் கையை ஆபத்துக்குக் கொண்டு போறதுதான். ஆனால் கம்பி அறாமல் சும்மா நீண்டால்?

கணக்குப் பாருங்கோ. உருக்குக் கம்பி ஒரு பாகைக்கு, ஒரு மீற்றருக்கு 0.012 மில்லிமீற்றர் நீளும். கம்பத்துக்கு 600 மீற்றர் கம்பி எண்டு வையுங்கோ. காலமை 25 பாகை, மத்தியானம் வெயிலிலை கிடந்த கம்பி 45 பாகை. 600 × 20 × 0.012 = 144 மில்லிமீற்றர். பதினாலு சென்ரிமீற்றர் தொய்வு! லீவரை இழுத்தால் பாதி தொய்வை எடுக்கவே போயிடும். கை முழுசா இறங்காமல் அரைகுறையா நிக்கும். சாரதிக்கு அது ஆபத்தோ அனுமதியோ எண்டு விளங்காது, விதிப்படி ஆபத்தாத்தான் எடுக்க வேணும்.

மற்றப் பக்கம் இன்னும் மோசம். மத்தியானம் தொய்வை எடுத்து இறுக்கி விட்டிட்டு அப்பிடியே விட்டால், இரவு குளிர்ந்து கம்பி சுருங்கேக்கை லீவரைத் தொடாமலே கை கொஞ்சம் இறங்கப் பாக்கும். அதாலைதான் லீவர் அடியிலை கம்பி இறுக்கி ஒண்டு இருக்கிறது. காலமையும் பின்னேரமும் அதைப் பாக்கிறது அலங்காரத்துக்கு இல்லை.

கை எப்பவும் ஆபத்திலை நிக்க வேணும், வண்டி வரேக்கை மட்டும் இறக்கு எண்டதும் பட்டுத்தான் படிச்சது. 1876 ஜனவரி 21, இங்கிலாந்திலை வண்டிகள் மோதின அபொட்ஸ் றிப்டனிலை பனி உறைஞ்சு கை அனுமதி நிலையிலையே இறுகிப் போச்சு. லீவரைத் திருப்பிப் போட்டும் கை எழும்பேல்லை.

#7 ஓம்_விதி

இரண்டாம் கேள்விக்கு வாறன். இது கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

மாரியிலை விழுறது பெரும்பாலும் ட்ராக் சேர்க்கிற். அமெரிக்காவிலை வில்லியம் றொபின்சன் 1872இலை காப்புரிமை எடுத்த மூடிய சுற்று, அடிப்படை இண்டைக்கும் அதுதான். தண்டவாளத்தை இரண்டு அந்தத்திலையும் இன்சுலேஷன் மூட்டாலை வெட்டிப் பிரி. ஒரு அந்தத்திலை பற்றறியும் தொடரிலை ஒரு தடையும். மற்ற அந்தத்திலை றிலே. வண்டி இல்லாட்டில் ஓட்டம் ஒரு தண்டவாளத்தாலை போய், றிலேயைத் தூக்கி, மற்றதாலை திரும்பும். வண்டி வந்தால் சில்லும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் குறுஞ்சுற்றாக்கும், றிலே விழும். பற்றறி செத்தாலும், கம்பி அறுந்தாலும், தண்டவாளம் உடைஞ்சாலும் றிலே விழும். றிலே விழுந்தால் "வண்டி நிக்குது" எண்டு அர்த்தம்.

இப்ப சல்லியைப் பாருங்கோ. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவிலை சல்லியும் சிலிப்பரும் வழியா எப்பவும் கொஞ்சம் ஒழுகும். இந்திய விதியிலை நிலைய முற்றத்துக்கு ஆகக் குறைஞ்சது ஒரு கிலோமீற்றருக்கு 2 ஓம் இருக்க வேணும். 400 மீற்றர் எண்டால் 2 ÷ 0.4 = 5 ஓம். நீளம் கூடக் கூட ஒழுக்குத் தடை குறையும், அதை மாறி விளங்கிக்கொள்ளாதேங்கோ.

ஒரு உதாரணச் சுற்று: பற்றறி 2.2 வோல்ற்று, தொடர்த் தடை 10 ஓம், றிலே 9 ஓம். றிலே எழும்ப 0.5 வோல்ற்று வேணும், விழ 0.3இலும் கீழை போக வேணும்.

மழை, ஒழுக்கு 5 ஓம்: றிலேக்கு 0.54 வோல்ற்று. மட்டுமட்டா எழும்பும்.
கோடை, ஒழுக்கு 50 ஓம்: 0.95 வோல்ற்று.
கோடையிலை வண்டி வந்து சில்லு 0.5 ஓமிலை குறுஞ்சுற்றாக்கினால்: 0.10 வோல்ற்று. நல்லா விழும்.

இப்ப சல்லிக்குள்ளை மண், குப்பை, உப்பு ஏறி மழையிலை ஒழுக்கு 1.5 ஓமுக்கு இறங்கீட்டுது எண்டு வையுங்கோ. றிலேக்கு 0.25 வோல்ற்றுத்தான். வண்டியே இல்லை, றிலே விழுந்து கிடக்கு, சிக்னல் சிவப்பு. இதுதான் நீங்கள் கேட்ட மாரிப் பழுது. எரிச்சல் தரும், ஆனால் ஆபத்தில்லை.

#8 கொக்குவில்_கடவை

அப்ப அந்தத் தொடர்த் தடையைக் குறைச்சு விட்டால் றிலேக்கு வோல்ற்றுக் கூடும்தானே? பிரச்சினை முடிஞ்சுதே?

#9 ஓம்_விதி

தம்பி, இந்தக் கேள்வியிலைதான் ஆள் சாகிறது.

அதே சுற்று, 10 ஓமை 2 ஓமாக்குங்கோ. மாரியிலை 1.5 ஓம் ஒழுக்கோடையும் 0.86 வோல்ற்று வரும். றிலே எழும்பும், சிக்னல் பச்சை, எல்லாரும் சந்தோசம். பிறகு மழை விட்டு, சல்லி காய்ஞ்சு, ஒழுக்கு 50 ஓமுக்கு ஏறும். அப்ப வண்டி வந்து 0.5 ஓமிலை குறுஞ்சுற்றாக்கினால் றிலேக்கு எவ்வளவு? 0.42 வோல்ற்று. விழ வேண்டிய அளவு 0.3. விழாது! வண்டி தண்டவாளத்திலை நிக்குது, சிக்னல் பெட்டியிலை "பாதை வெறும்" எண்டு காட்டுது.

மாரிக்கு மாத்தின தடை தையிலை கொல்லும். அதாலை ட்ராக் சேர்க்கிற்றிலை கை வைச்சால் இரண்டு அளவும் எடுத்து அட்டையிலை எழுத வேணும்: றிலே முனையிலை வண்டியில்லாத வோல்ற்று, 0.5 ஓம் சோதனைத் தடையைத் தண்டவாளத்துக்குக் குறுக்கை வைச்ச வோல்ற்று. இரண்டாவதை விட்டவன் அரைவாசி வேலைதான் செய்தவன். சோதனைத் தடையைப் பற்றறி முனை, றிலே முனை, நடு எண்டு மூண்டு இடத்திலையும் வைக்க வேணும்.

மாரிப் பழுதுக்கு உண்மையான வைத்தியம் சல்லியைச் சலிச்சுப் போடுறது, வடிகால் வெட்டுறது. கொங்கிறீற் சிலிப்பரெண்டால் தண்டவாளத்துக்குக் கீழை இருக்கிற ரப்பர் தாளையும், பிடிக்கும் தண்டவாள அடிக்கும் நடுவிலை இருக்கிற இன்சுலேஷன் லைனரையும் மாத்துறது. கொங்கிறீற்றுக்குள்ளை இரும்புக் கம்பி ஓடுது. ஒரு சிலிப்பரிலை இரண்டு பக்க லைனரும் நசுங்கினால் அந்தச் சிலிப்பரே ஒரு தடையா நிண்டு ஒழுக விடும். ஆனையிறவிலை உப்புக் காத்து, காங்கேசன்துறையிலை கடல் காத்து, இரண்டு இடத்திலையும் லைனர் இடுக்கிலை உப்புப் படியும். வெய்யிலுக்குக் காய்ஞ்சு கிடக்கிற உப்பு ஒண்டும் செய்யாது. முதல் தூறலுக்குத்தான் கரைஞ்சு கடத்தும். பெருமழை கழுவிக்கொண்டு போனபிறகு சில இடத்திலை பழுது தானா மாறுறதும் இதாலைதான்.

#10 கம்பி_இழுவை

கறளையும் சொல்லுங்கோ அண்ணை. நாளுக்கு நாலைஞ்சு வண்டி ஓடுற பாதையிலை அதுதான் பெரிய வில்லங்கம்.

#11 ஓம்_விதி

ஓம், விட்டிட்டன். நேர்ப்பாதைத் தண்டவாளத்தின்ரை தலை சில்லு தேய்ச்சு வெள்ளி மாதிரி மினுங்கும். நிலையத்திலை பக்கப் பாதை, ஒதுக்குப் பாதை எல்லாம் கிழமைக்கு ஒருக்காத்தான் வண்டி காணும். கடல் காத்திலை இரண்டு நாளிலை செம்மண் நிறமாகிடும். அந்தக் கறள் படை மின்னைக் கடத்தாது. மேலை ஏறி நிக்கிற வண்டி குறுஞ்சுற்றாக்காது, றிலே விழாது. மழைப் பழுது சிவப்புப் பக்கம் போகும், கறள் பச்சைப் பக்கம் போகும். இரண்டையும் ஒண்டாப் பாக்கக்கூடாது. பாரம் குறைஞ்ச தனிப் பெட்டி ரயில்பஸ் போனால் இன்னும் மோசம். அப்பிடியான பாதையிலை ட்ராக் சேர்க்கிற்றைக் கைவிட்டிட்டு அக்ஸில் கவுண்டர் (சில்லு அச்சை எண்ணுற கருவி) போடுறது நல்லது.

#12 றிலே_அறை

அக்ஸில் கவுண்டர் பற்றி நான் எழுதுகிறேன். பகுதியின் இரு அந்தத்திலும் தண்டவாளத்தின் ஒரு புறம் அனுப்பும் சுருள், மறுபுறம் வாங்கும் சுருள். சில்லின் விளிம்பு நடுவே புகும்போது வாங்கும் அளவு மாறும். ஒவ்வொரு இடத்திலும் இப்படி இரண்டு சோடி, சற்றுத் தள்ளித் தள்ளி. எந்தச் சோடி முதலில் மாறுகிறது என்பதிலிருந்து திசை தெரியும். உள்ளே போன அச்சும் வெளியே வந்த அச்சும் சமமானால் பாதை வெறும். சல்லி நனைந்தாலென்ன, தண்டவாளம் கறள் பிடித்தாலென்ன, அதற்குக் கவலையில்லை. இரண்டு நிலையத்துக்கு இடையிலுள்ள முழு நீளத்துக்கும் இரண்டு தலை போதும். ட்ராக் சேர்க்கிற்றால் அத்தனை கிலோமீற்றரை ஒரே துண்டாகப் பார்க்கவே முடியாது.

இழப்பும் உண்டு. தண்டவாளம் உடைந்தால் அது அறியாது. வேலையாட்கள் இரும்புச் சாமானைத் தலைக்கருகில் ஆட்டினால், தள்ளுவண்டியை நடுவழியில் ஏற்றி இறக்கினால், எண்ணிக்கை பிழைக்கும். மின்சாரம் அறுந்து திரும்பினால் "வண்டி உண்டு" என்றே எழும்பும், எழும்பவும் வேண்டும். அப்போது ஒருவர் அதை மீளமைக்க வேண்டும்.

என் கணக்கில் இந்த முறையின் ஏபர்மூல் அந்த மீளமைப்புப் பொத்தான். உள்ளே உண்மையிலேயே ஒரு பெட்டி கழன்று நிற்கும்போது "திரும்பவும் எண்ணிக்கைப் பிழைதான்" என்று நினைத்து அமத்தினால் கருவி பூச்சியம் காட்டும். அதனால் நல்ல அமைப்பில் பொத்தானை அமத்தினாலும் உடனே வெறும் காட்டாது. முதல் வண்டியைப் பார்வை வேகத்தில் அனுப்பி, அது உள்ளே போய் வெளியே வந்த எண்ணிக்கை சமமான பின்தான் வெறுமாகும். பொத்தானுக்கு அழிக்க முடியாத எண்ணி ஒன்றும் பூட்டியிருக்கும். ஒவ்வொரு அமத்தலுக்கும் பதிவேட்டில் வரி எழுத வேண்டும். வந்த வண்டியின் கடைசிப் பெட்டிப் பலகையை அல்லது விளக்கைக் கண்ணால் பார்த்தபின்தான் அந்த வரி.

#13 டப்லட்_வளையம்

இப்பதான் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீங்கள். வில்லையை வாசிக்காத ஆள் போய், பொத்தானை யோசிக்காமல் அமத்துற ஆள் வந்திருக்கிறார். அவ்வளவுதானே வித்தியாசம்?

#14 றிலே_அறை

பாதி ஒத்துக்கொள்கிறேன். வில்லை மாறும் பிழைக்கு நாளுக்கு இருபது தரம் வாய்ப்பு, பொத்தானுக்கு மாதத்தில் சில தரம். ஆனால் பிழை இடம் மாறியது உண்மை. மேடையிலிருந்து றிலே அறைக்குப் போய்விட்டது. பயணிக்கும் தெரியாது, சாரதிக்கும் தெரியாது.

1988 டிசெம்பர் 12, லண்டன் கிளப்பம் சந்தி மோதல், 35 பேர் இறந்தார்கள். பழைய கம்பி ஒன்றைப் புதிய கம்பியால் மாற்றினார்கள். பழையதை றிலேப் பக்கம் கழற்றினார்கள். வெட்டிக் குறைக்கவில்லை, கட்டவில்லை, சும்மா வளைத்து விட்டார்கள். பியூஸ் பக்கம் கழற்றவே இல்லை. பல நாள் ஒன்றும் நடக்கவில்லை. மோதலுக்கு முந்தின நாள் பக்கத்து றிலேயில் வேறு வேலை செய்தபோது அந்தக் கம்பி அசைந்து தன் பழைய இடத்திலேயே போய்த் தொட்டது. ட்ராக் சேர்க்கிற் விழுந்தும் றிலேக்கு அந்தக் கம்பியால் ஓட்டம் வந்தது. வண்டி நின்ற இடத்துக்குப் பின்னால் சிக்னல் சிவப்பாகவில்லை.

அதன் பின் எழுதப்பட்ட முறைகள் எளிமையானவை. கழற்றிய கம்பியை இரு முனையிலும் கழற்று. முனையை வெட்டு, புதிய ஒட்டுநாடாவால் மூடு, தள்ளிக் கட்டு. படத்தில் அந்த முனைக்கு எத்தனை கம்பி, கையில் எத்தனை கம்பி என்று எண்ணு. எண்ணுகிறவர் பூட்டியவராக இருக்கக்கூடாது. இந்தக் கடைசி வரிதான் மற்ற எல்லாவற்றிலும் கனமானது.

இந்தியாவில் பாலசோர் மோதல், 2023 ஜூன் 2. அங்கும் கடவை ஒன்றின் தடுப்பை மாற்றும் வேலையில் கம்பி இணைப்பு மாறியது. பொயின்ற்ஸ் (வண்டியை ஒரு பாதையிலிருந்து மற்றதுக்குத் திருப்பும் அமைப்பு) பக்கப் பாதைக்குத் திரும்பிக் கிடந்தது. சிக்னலோ நேர்ப்பாதைக்கு அனுமதி காட்டியது. பக்கப் பாதையில் சரக்கு வண்டி நின்றது.

#15 கம்பி_இழுவை

பொயின்ற்ஸ் சோதனையையும் இதிலை சேர்த்துவிடுறன், ஏனெண்டால் படத்திலை வட்டம் போட்டுக் காட்டுறதுக்கும் நிலத்திலை கிடக்கிறதுக்கும் சம்பந்தம் அதுதான். நாக்குத் தண்டவாளத்துக்கும் நிலைத் தண்டவாளத்துக்கும் நடுவிலை 5 மில்லிமீற்றர் தகட்டை வைச்சு மோட்டரை ஓட்டு. இந்திய முறையிலை நாக்கு நுனியிலிருந்து 150 மில்லிமீற்றர் உள்ளுக்கு வைக்கிறது. பூட்டு விழக்கூடாது, பெட்டியிலை "சரி" எண்டு காட்டக்கூடாது. காட்டினால் அந்தப் பொயின்ற்ஸை முகப்பா (நாக்கு நுனிப் பக்கத்தாலை) எடுக்கிற வண்டிக்கு வாய் திறந்து கிடக்கு எண்டு அர்த்தம். தகட்டை எடுத்தபிறகு சும்மா ஒருக்கா ஓட்டிப் பாத்தால் காணாது. இரண்டு பக்கமும், இரண்டு நிலையிலும் பாக்க வேணும். பெட்டியிலை காட்டுறதை ரெலிபோனிலை ஒருத்தர் வாசிக்க, நிலத்திலை நிக்கிறவர் தன்ரை கண்ணாலை ஒத்துப் பாக்க வேணும்.

கொம்பியூட்டர் பூட்டு (பொயின்ற்ஸையும் சிக்னலையும் ஒண்டோடொண்டு முரண்படாமல் பூட்டுற கணனி) வந்தால் கம்பிப் பிழை போயிடும் எண்டு ஒரு கதை உலாவுது. பெரிய பிரித்தானியாவிலை 1985இலை லெமிங்ரன் ஸ்பாவிலை முதல் தொகுதி வைச்சபோது மூண்டு கணனி, இரண்டு ஒத்தால்தான் செயல். கணனிக்குள்ளை கம்பி இல்லைத்தான். ஆனால் வெளியிலை கேபிள் அதே கேபிள், தகவல் எழுதுறவன் அதே மனுசன்.

#16 கொக்குவில்_கடவை

என்ரை மூண்டாம் கேள்வி அந்தரத்திலை நிக்குது.

#17 ஓம்_விதி

மறக்கேல்லை. கடவை மணிக்கு ஒரு ட்ராக் சேர்க்கிற் அல்லது அக்ஸில் கவுண்டர் தூரத்திலை வைச்சிருக்கும். ஆகக் கூடின வேகம் 80 எண்டு வையுங்கோ, செக்கனுக்கு 22.2 மீற்றர். 40 செக்கன் முன்னறிவிப்பு வேணுமெண்டால் 890 மீற்றருக்கு அங்காலை தொடங்க வேணும். இப்ப அதே இடத்தாலை ஒரு வண்டி 20இலை ஊர்ந்து வந்தால்? 160 செக்கன். இரண்டு நிமிசம் நாப்பது செக்கன் மணி. நடுவிலை கொக்குவில் மாதிரி ஒரு தரிப்பு இருந்தால், வண்டி மேடையிலை நிண்டு ஆள் இறங்கி ஏறும் வரைக்கும் மணி அடிக்கும். நாலு நிமிசம் தாண்டினால் மோட்டார் சைக்கிள்காரன் ஆர் நிக்கப் போறான்? தடுப்பைச் சுத்திக்கொண்டு போவான், ஒண்டும் வராது. அடுத்த நாளும் போவான். மூண்டாம் நாள் 80இலை வாறது வரும்.

அமெரிக்காவிலை வண்டியின்ரை வேகத்தை அளந்து, தூரத்துக்கு ஏத்த மாதிரி நேரம் கணிக்கிற கருவி கனகாலமாப் பாவிக்கினம். அது இல்லாத இடத்திலை தரிப்பு நிலையத்துக்கு நேர எண்ணி வைக்கலாம்: வண்டி தரிப்பிலை இவ்வளவு நேரம் நிண்டால் மணியை நிப்பாட்டு, புறப்படேக்கை திரும்பத் தொடங்கு. ஆனால் அந்தப் புறப்படு சிக்னலைக் கடவையோடை பூட்டியிருக்க வேணும். தடுப்பு விழுந்து உறுதியாகும் வரைக்கும் சிக்னல் வரக்கூடாது. அந்தப் பூட்டில்லாமல் நேர எண்ணியை மட்டும் வைச்சால் எரிச்சல் போகும், ஆள் போகும்.

#18 றிலே_அறை

தனிப்பாதையில் இன்னொன்று. வண்டி கடவையைக் கடந்து போன பின் மறுபக்கத்துப் பகுதிக்குள் நுழையும். கருவிக்கு அது எதிரே வரும் வண்டி மாதிரியே தெரியும். ஆகவே எந்தப் பக்கத்தால் முதலில் வந்தது என்று பிடித்து வைக்கும் திசை றிலே ஒன்று வேண்டும். அது ஒட்டாமல் விழுந்தால் வண்டி போன பின்னும் மணி நீளும். #7இல் சொன்ன மழைப் பழுது கடவைப் பகுதியில் வந்தால் நாள் முழுக்க அடிக்கும்.

இங்கேதான் ஒரு விடயம் எனக்கு உறுத்துகிறது. சிக்னலில் பழுது சிவப்புப் பக்கம் விழுந்தால் பாதுகாப்பு, ஏனென்றால் அங்கே பயிற்சி பெற்ற சாரதி, விதிநூல், பதிவேடு எல்லாம் உண்டு. கடவையில் பழுது மணிப் பக்கம் விழுந்தால் அதைக் கேட்பவர் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை ஏற்றிப் போகிறவர். அவருக்கு விதிநூல் இல்லை. கருவியைப் பொறுத்தவரை அது பாதுகாப்பான பழுது. வீதியைப் பொறுத்தவரை இல்லை. கடவைச் சுற்றின் மழைப் பழுதை நிலையச் சுற்றின் பழுதுக்கு முன் திருத்த வேண்டும் என்பது என் நிலைப்பாடு. வழக்கத்தில் தலைகீழாகத்தான் நடக்கிறது, கோச்சி தாமதமானால்தான் தொலைபேசி அடிக்கும் என்பதால்.

#19 தெல்லிப்பழை_ஏர்த்

இடி மின்னல் காலத்துக்கு ஒண்டு சேர்க்கட்டோ? ஒக்ரோபர், நவம்பரிலை கருவிக்குள்ளை இருக்கிற இலத்திரனியல் அட்டை எரியிறதுக்குப் பெரிய காரணம் புவித்தொடுப்பு (ஏர்த்). எங்கடை குடாநாட்டிலை மேல் மண் மெல்லிசு, கீழை சுண்ணாம்புக்கல். மூண்டு மீற்றர் கோல் அடிச்சால் பாதியிலை கல்லிலை முட்டி வளையும். வளைஞ்ச கோலை வெட்டிப்போட்டு "அடிச்சாச்சு" எண்டு எழுதினால் கோடையிலை அளந்து பாருங்கோ, நூறு ஓமும் வரும்.

இந்திய வழக்கத்திலை சிக்னல் பெட்டிகளுக்கு 10 ஓமுக்குக் கீழை, இலத்திரனியல் பூட்டு அறைக்கு 1 ஓமுக்குக் கீழை கேக்கினம். இங்கை ஒரு கோலாலை 1 ஓம் கனவு. கல்லைத் துளைச்சுத்தான் இறக்க வேணும், துளையைப் பென்ரனைற் களியாலை நிரப்ப வேணும், பல கோலை வளையமாக் கட்ட வேணும். கோலுக்குக் கோல் இடைவெளி கோலின்ரை நீளத்திலும் குறைஞ்சால் பிரயோசனம் இல்லை, ஒண்டின்ரை வட்டத்துக்குள்ளை மற்றது நிக்கும். உப்புக் கொட்டுறது பழைய வழக்கம், மாரியோடை கழுவுப்பட்டுப் போகும், கோலையும் தின்னும். அளவு எடுக்கிறது ஆவணி, புரட்டாதியிலை, நிலம் வறண்டு கிடக்கேக்கை. மார்கழியிலை அளந்தால் எல்லாம் நல்லாத்தான் காட்டும்.

#20 டப்லட்_வளையம்

டப்லட் லைனுக்கும் மின்னல் அடிச்சால் சுருள் எரியும் எண்டதை நேர்மையா ஒத்துக்கொள்ளுறன். அப்ப எழுத்து அனுமதிச் சீட்டிலைதான் வண்டி ஓடும், திரும்பத் தோர்ப் காலத்துக்குப் போறது மாதிரி. ஓம்_விதி, ஒரு கேள்வி: பக்கத்துப் பக்கத்து ட்ராக் சேர்க்கிற் இரண்டுக்கும் நடுவிலை இருக்கிற இன்சுலேஷன் மூட்டு உடைஞ்சால் ஒண்டின்ரை பற்றறி மற்றதின்ரை றிலேயைத் தூக்காதோ?

#21 ஓம்_விதி

தூக்கும். அதுக்குத்தான் மூட்டின்ரை இரண்டு பக்கமும் முனைவை மாத்திக் கட்டுறது. இந்தப் பக்கம் மேல் தண்டவாளம் நேர் எண்டால் அந்தப் பக்கம் மேல் தண்டவாளம் மறை. இரண்டு மூட்டும் உடைஞ்சால் இரண்டு பற்றறியும் ஒண்டுக்கொண்டு எதிரா நிண்டு றிலே விழும். சரியா இருக்கோ எண்டு பாக்க லேசான வழி: வோல்ற்றுமானியை மூட்டுக்குக் குறுக்கை வை, பிறகு ஒவ்வொரு பக்கத்திலையும் தண்டவாளத்துக்குத் தண்டவாளம் வை. மூட்டுக் குறுக்கை இரண்டு மூட்டிலையும் வாற அளவைக் கூட்டினால், இரண்டு பக்க அளவின்ரை கூட்டுத்தொகை வர வேணும். வித்தியாசம் வந்தால் ஆரோ சல்லி போட்ட நேரத்திலை கம்பியை மாறிக் கட்டியிருக்கினம். தண்டவாளம் மாத்தின வேலை முடிஞ்ச அண்டைக்கே இதைப் பாக்க வேணும், அடுத்த பராமரிப்பு நாள் வரைக்கும் விடக்கூடாது.

#22 கொக்குவில்_கடவை

நன்றி அண்ணைமார். அப்ப மணி விடாமல் அடிச்சுக்கொண்டிருந்தால் வெளியிலை நிக்கிற நாங்கள் என்ன செய்யிறது?

#23 றிலே_அறை

கடவைக் கம்பத்தில் அல்லது பெட்டியில் கடவை இலக்கம் எழுதியிருந்தால் அதைக் குறித்து அருகிலுள்ள நிலைய அதிபரிடம் சொல்லுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது, மழை பெய்ததா, கடைசி வண்டி எந்தப் பக்கம் போனது, இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால் திருத்த வருகிறவர் சல்லியைத் தோண்டுவதா, திசை றிலேயைப் பார்ப்பதா என்று வழியிலேயே முடிவெடுப்பார். கடக்க வேண்டியிருந்தால் இறங்கி, எஞ்சினை நிறுத்தி, இரு பக்கமும் பார்த்து, காது கொடுத்துத்தான் கடக்க வேண்டும். ஒரு வண்டி போய்விட்டது என்பதற்காக உடனே எடுக்க வேண்டாம். அதன் இரைச்சல் அடங்கட்டும்.